வேண்டாம் என்று சொல்லாதவர்

முழங்கால் பட்டை ஒன்றைத்தான் தாமோதரன் ஆன்லைனில் வாங்கினார். கேட்காமலே அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஆரோக்கியச் சந்தா, அவர் செத்துக் காரியம் முடிந்த பிறகும், இருவர் பேரிலும் இருந்த கணக்கிலிருந்து மாதாமாதம் பணத்தை உருவிக்கொண்டிருந்தது. "அவர் போய்ச் சேந்துட்டாரும்மா, நிறுத்தித் தொலைங்க" என்று மனைவி பூரணி போனில் கத்தாத நாளில்லை.

"சந்தாதாரர்தான் மேடம் சொல்லணும்" என்றாள் கம்பெனிப் பெண், இன்றைக்கும் அதே தேன் குரலில்.

பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்பீக்கரைப் போட்டு, சுவரில் மாலையோடு சிரித்த படத்தின் வாயருகே போனைப் பிடித்தாள். "இந்தா, அவருகிட்டயே கேளு."

"வணக்கம் சார். சந்தாவை நிறுத்தணுமா சார்?"

ஊதுபத்திச் சாம்பல் உதிர்ந்தது. பூரணி கையை எடுக்கவில்லை.

"சார் வேணாம்னு சொல்லலையே மேடம். இன்னும் ஒரு வருஷத்துக்குப் போட்டுட்டேன்."