சிவந்த கட்டம்

"பேர் போடாம கம்ப்யூட்டர் ஏத்துக்காதுங்கய்யா," என்றாள் கவுன்டர் பெண்.

பழைய குடும்பப் பதிவேடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். சரிபார்க்க வரச்சொல்லி வெல்டருக்கும் அவர் மனைவிக்கும் கடிதம் வந்திருந்தது.

பட்டறைப் பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மனுஷனை அவள்தான் இழுத்து வந்தாள். வருஷா வருஷம் அடிப்பார், வேறு ஆளை விடமாட்டார். பழைய முதலாளி மாட்டிவிட்டுப் போன பலகை. அடுத்தவன் வைத்த பெண்பெயருக்கு இவ்வளவு சிங்காரமா என்று அவளும் வருஷா வருஷம் கேலி செய்வாள்.

வழியெல்லாம் அவருடைய முணுமுணுப்பு. காகிதத்தில் நன்றாகத்தானே இருந்தோம், கரண்ட் போனால் நாமும் போய்விடுவோமா என்று.

மகன் பெயர் சரியாக இருந்தது. சிக்கல் அதற்கு மேல் வரியில்.

முதல் குழந்தை. பெண். பிறந்ததும் போனதும் ஒரே தேதி. பெயர் வைக்க நேரமில்லை.

அன்றைக்கு ஒரு குமாஸ்தா பெயர் இடத்தில் சின்னதாகக் கோடு இழுத்துவிட்டார். இந்த மெஷினுக்குக் கோடு ஆகாது. கட்டம் சிவந்து நின்றது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. வேணும்னா இந்த வரியையே எடுத்துடட்டுமா?"

மனைவி கைப்பையை இறுக்கிக்கொண்டாள்.

அவரைப் பார்த்துப் பயனில்லை. மண்ணைத் தள்ளிவிட்டு வந்த மறுநாளே வேலைக்குப் போனவர். அந்த மாதமே பட்டறையை வாங்கியவர். நாற்பது வருஷத்தில் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்நெஞ்சு என்று அவள் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள்.

அவர் கவுன்டரில் குனிந்தார்.

"எடுக்காதே. அடிச்சா அழியாதுல்ல?"

"அழியாதுங்கய்யா."

"அப்ப அடி."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான்கே எழுத்து. பெயின்ட் காயாத விரலால் மேஜையில் ஒவ்வொன்றாகத் தட்டினார். நான்கு இடத்தில் நீலம் ஒட்டியது.

சிவப்பு போய்விட்டது.

அவள் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பலகையில இருக்கறது பழைய முதலாளி வெச்ச பேருன்னுதானே சொன்னீங்க?"

அவர் திரும்பவில்லை.

"அவன் எங்கடி பலகை மாட்டினான்."