திங்கட்கிழமைக்கு ஒரு திட்டம்

“முதல்ல எங்க போகப் போற? வரிசையாச் சொல்லு, கேப்போம்” என்றார் ரொமுலோ.

ரோவெலின் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்பாவைப் பார்த்தாள். ஒரு வாரமாக வேலைப் பேச்சை எடுத்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர், இன்று கருவாட்டை நிதானமாகப் பிய்த்துக்கொண்டு தானாகவே கேட்கிறார்!

சர்க்கரை ஆலையை மூடி நான்கு மாதமாகிறது. இருபத்திரண்டு வருடம் அங்கே இயந்திரங்களோடு மல்லுக்கட்டிய மனிதர், ‘இன்னிக்குத் தொறப்பான், நாளைக்குத் தொறப்பான்’ என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. பள்ளிக்கூடம் போகும் தம்பிகள் இரண்டு பேர். கணக்கியல் படிப்பில் ரோவெலினுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. அதை விட்டுவிட்டு வேலைக்குப் போவதென்று அவள் முடிவு செய்துவிட்டாள். கடைசி வருடத்துக்குப் பெயர் பதிய வரும் திங்கட்கிழமை மாலைவரைதான் நேரம். அதற்குள் ஒரு வேலை கிடைத்துவிட்டால், அப்புறம் அப்பாவே நினைத்தாலும் அவளைக் கல்லூரிக்குத் துரத்த முடியாது.

வேலைக்குப் போகக்கூடிய இடங்களை எழுதிவைத்திருந்த நோட்டை இடது கையால் பிரித்தாள்.

“பேங்க், கப்பல் கம்பெனி எல்லாம் அடிச்சிட்டேன்பா. பட்டம் இல்லாம வாசப்படி கூட மிதிக்க விடமாட்டான். மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான். துறைமுகத்துக்கிட்ட புதுசா வருதே பெரிய கடை. அங்க மட்டும்தான் படிப்பு பாதியில நின்னவங்களையும் எடுக்கறாங்க. திங்கக்கிழமை நேர்காணல். அன்னிக்கே முடிவு சொல்லிடுவாங்களாம்.”

“என்ன வேலை?”

“கல்லா, கிடங்கு, சமையக்கட்டு, எல்லாத்துக்கும் ஆள் எடுக்கறாங்க. எனக்குக் கல்லா நிச்சயம்.”

“கதவு எத்தனை மணிக்குத் தொறப்பான்?”

“ஏழரைக்கு. நான் ஒம்போதுக்குப் போனாப் போதும். பேரு ஏற்கெனவே குடுத்துட்டேன்.”

“பேரு குடுக்காதவங்க?”

“அவங்க விடியறதுக்கு முன்னாடியே போயி வரிசையில நிக்கணும். நமக்கு எதுக்குப்பா அந்தப் பாடு?”

“சும்மா கேட்டேன், இண்டாய்.” கோபமில்லாத நாட்களில் மட்டும்தான் அவளை அப்படிச் செல்லமாக அழைப்பார். “என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?”

“விண்ணப்பம், போலீஸ் சான்று, கோட்டுப் போட்ட ஃபோட்டோ.”

“கோட்டா? இந்த வெயில்லயா? நம்ம பரம்பரையில எவன் கோட்டுப் போட்டான்?”

“காலேஜ் வாசல்ல ஸ்டூடியோ இருக்கில்ல? பனியனோட போய் உக்காந்தாக்கூடப் போதும், கம்ப்யூட்டர்லயே கோட்ட மாட்டிவிட்டுடுவான். இந்த ஊர்ல வேலை தேடற அத்தனை பேரும் ஒரே கோட்டுதான்!”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

“எங்க காலத்துல இந்தக் கூத்தெல்லாம் இல்ல. எங்கப்பா மேஸ்திரிகிட்ட என்னைக் காட்டினாரு, நான் உள்ள போய் ஸ்பேனரத் தூக்கினேன். சரி, உள்ள என்ன கேப்பான்?”

“‘எதுக்கு இங்க வேலைக்கு வரீங்க’ன்னு கேப்பாங்க. ‘கத்துக்க வரேன்’னு சொல்லணும். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழக்கூடாது.”

“அப்ப நிஜத்தைச் சொல்லக்கூடாதுங்கற.”

“எல்லாரும் அப்படித்தாம்பா சொல்றாங்க.”

அவர் தலையாட்டினார். போலீஸ் சான்றுக்கு எத்தனை நாளாகும், விண்ணப்பத்தை எங்கே வாங்குவது, அதைக் கையால் எழுதினால் போதுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளும் சளைக்காமல் சொன்னாள். கடைசியில் நோட்டை மூடிவிட்டு, “நல்லாத்தான் திட்டம் போட்டிருக்க” என்று எழுந்து கைகழுவப் போனார்.

அவ்வளவுதானா? ‘படிப்ப முடி, மத்தத நான் பாத்துக்கறேன்’ என்று அப்பா இன்னும் ஒரே ஒரு தடவை கத்தியிருக்கலாம். கத்தியிருந்தாலும் அவள் கேட்டிருக்கப்போவதில்லை. ஆனாலும் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை அவள் கண்விழித்தபோது அப்பா வீட்டில் இல்லை. மகள் படிப்பை விட்டுவிட்டுக் கிளம்புவதைப் பார்க்கப் பிடிக்காமல் எங்கோ போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டாள். தம்பிகளுக்குச் சோறு போட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஜீப்னி வண்டி பிடித்தாள்.

கடையின் பின்பக்க அறையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டினார். மதிப்பெண்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

“தகப்பன் பேரு ரொமுலோ மக்பனுவா. சர்க்கரை மில்லுல இருந்தவரா?”

“ஆமா மேடம். அவரை உங்களுக்குத் தெரியுமா?”

“கதவு தொறக்கறப்ப முதல் ஆளா நின்னாரும்மா. ஜெனரேட்டர் பாத்துக்க ஆள் கிடைக்காமத் திண்டாடிட்டிருந்தோம். அப்பவே எடுத்துட்டோம்.”

ரோவெலினுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிவதற்குள் அந்தப் பெண்மணி விண்ணப்பத்தை மூடி அவள் பக்கமே தள்ளினார்.

“உன்னை எடுக்க முடியாதும்மா. ஒரே குடும்பத்துல ரெண்டு பேரை இங்க வேலைக்கு வைக்கறதில்ல. உங்கப்பாகிட்டயும் இதை முன்கூட்டியே சொன்னேன். ‘இது எழுத்துல இருக்கா மேடம், யாரு வந்து கெஞ்சினாலும் மாத்த மாட்டீங்களே?’ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டு, அதுக்கப்புறம்தான் கையெழுத்தே போட்டாரு.”