இருபத்தொன்பதாம் நாள்

ரஹமத் பீவியின் தோளில் வட்டார அதிகாரி பொன்னாடை போர்த்தியபோது, கைதட்டலைத் தொடங்கி வைத்தவர் எங்கள் மேலாளர் பொன்னுவேல்.

அவர் தட்டிய பிறகு தட்டாமல் இருக்க முடியுமா? நாங்களும் தட்டினோம்.

1999 டிசம்பர். எங்கள் வங்கியின் ஏற்காடு கிளைக்கு ‘புகார் தேங்காத கிளை’ என்று கேடயம். வெளியே பனி, உள்ளே மைசூர்பாகு.

கேடயத்தோடு ஒரு வாடிக்கையாளரையும் கௌரவிக்க வேண்டுமென்பது மேலிடத்து உத்தரவு. புகார்ப் பதிவேட்டில் அதிகமாகத் தென்பட்ட பெயர் ரஹமத் பீவி. ஏழு புகார். ஆறு கெடுவுக்குள் தீர்வு, ஏழாவதற்குக் கெடு இன்னும் இருந்தது.

“இவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்” என்று ஒலிபெருக்கியில் முழங்கினார் பொன்னுவேல். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு ஆறு மாதமாக யாரும் நாற்காலி காட்டியதில்லை.

உண்மையில் புகார் ஒன்றே ஒன்றுதான்.

ஏரிக்கரையில் அவருக்கு ஒரு பஜ்ஜிக் கடை இருந்தது. கடையின் வருடாந்திர ஏலத்துக்கு முன்பணம் ஐயாயிரம் எடுக்க, ஜூன் மாதம், கிளை மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து சேலம் போனார். பணம் கொடுக்கும் இயந்திரத்தில் அட்டையைச் செருகினார். அது உறுமியது. அட்டையைத் திருப்பிக் கொடுத்தது. சீட்டைத் துப்பியது. பணத்தை மட்டும் கொடுக்கவில்லை.

கொடுத்தாயிற்று என்றது சீட்டு.

கடை கைமாறியது. ரஹமத் பீவி பஸ் ஸ்டாண்டில் கூடை வைத்து வேகவைத்த கடலை விற்கிறார். கடையை எடுத்தவன் கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டான். வரும் திங்கட்கிழமை மறு ஏலம்.

இயந்திரப் புகாருக்குக் கெடு முப்பது நாள். அது தாண்டியும் தீராமல் கிடந்தால், மறுபேச்சில்லாமல் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வங்கியின் விதி. ஏன் தாண்டியது என்று மேலாளர் மேலிடத்துக்கு விளக்கமும் எழுத வேண்டும்.

பொன்னுவேல் எந்தப் புகாரையும் முப்பதாம் நாளைப் பார்க்க விட்டதில்லை.

இருபத்தொன்பதாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் போகும். “மனு முறைப்படி இல்லீங்கம்மா. புதுசா ஒண்ணு எழுதிக் குடுத்திருங்க.”

ரஹமத் பீவிக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். எழுத்தரான நான் எழுதுவேன், படித்துக் காட்டுவேன். அவர் தன் பெயரை ஓர் எழுத்துக்கு ஒரு நிமிடமாக வரைவார். போகும்போது என் மேசையில் ஒரு பொட்டலம் கடலை இருக்கும்.

இப்படி மாதம் ஒன்றாக ஏழு மனு.

“ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா” என்று ஒலிபெருக்கியை அவர் முன்னால் நகர்த்தினார் அதிகாரி. ஐதராபாத்காரர். தமிழ் பேசுவார், படிக்க வராது.

“போர்வைக்கு நொம்ப சந்தோசமுங்க” என்றார் ரஹமத் பீவி. “ஏனுங்க சார், என்ற பணம் எப்பங்க வரும்?”

காசாளரின் வாயில் மைசூர்பாகு பாதியில் நின்றது.

அதிகாரி கேடயத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். “பணம் வரலையா? புகார் தீரலைன்னா கெடு எப்பவோ தாண்டிப் போச்சே. இப்பவே குடுக்கச் சொல்றேன்.”

பொன்னுவேல் கோப்போடு ஓடி வந்தார். “தீர்ந்து போச்சு சார். தீர்ந்ததுன்னு அம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஒரு தடவை இல்லை, ஆறு தடவை.”

“அப்பிடியொரு பேச்சே அதுல இல்லீங்க!” ரஹமத் பீவி பொன்னாடையை இழுத்துச் செருகிக்கொண்டார். “மேனேஜர் ஐயா ஒரு படி கடலை வாங்குனாக்கூட அடுத்த மாசம் வான்னு சொல்ற ஆளுங்க. அவர உடுங்க. நம்ம தேவசிகாமணித் தம்பிதான் எழுதுச்சு. ஏழு வாட்டியும் படிச்சுக் காட்டுச்சு. அது பொய் எழுதாதுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அதிகாரி கோப்பிலிருந்து ஒரு மனுவை உருவி என்னிடம் நீட்டினார். “படி.”

“படி கண்ணு. சார் காதுல நல்லா உளுகட்டும்” என்றார் ரஹமத் பீவி.

பொன்னுவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பதவி உயர்வுக்கான பரிந்துரை அவர் கையெழுத்துக்காக அவர் மேசையில் கிடந்தது.

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

முதல் வரியை விட்டுவிட்டு, இரண்டாவது வரியிலிருந்து படித்தால் போதும். திங்கட்கிழமை கடை அவருக்கு. விட்டுப் படிப்பது எனக்கொன்றும் புதிதில்லை. ஆறு தடவை விட்டிருக்கிறேன்.

‘என் முந்தைய புகார் எனக்கு முழுத் திருப்தி அளிக்கும் விதத்தில் தீர்ந்துவிட்டது’ என்ற அந்த வரியை, முதல் தடவையாக, அவர் காதில் விழும்படி படித்தேன்.