ட்ரிம்மர் தொடாத இடம்

"ஏங்க, கழுத்துல மட்டும் ஒரு கொத்து முடியை விட்டு வச்சிருக்கீங்களே, புது ஃபேஷனா?" என்று சிரித்தாள் தெரசா.

அந்த ட்ரிம்மரை வடிவமைத்ததே அவள் கணவன் அமலன்தான். உற்சாகமாக விளக்கினான். "தோலுக்கு அடியில கோளாறு இருந்தா, வலி தெரியறதுக்கு முன்னாடியே இது மோப்பம் பிடிச்சிடும். பிளேடு அங்க படாம ஒதுங்கிப் போயிடும். முதல்ல சிவப்பு விளக்கும் வச்சிருந்தேன். பயமா இருக்குன்னு ஜனங்க சொன்னாங்க, எடுத்துட்டேன்."

"அப்போ உங்களுக்கு அங்க என்ன?"

அமலன் ட்ரிம்மரை மறுபடி கழுத்தில் வைத்தான். நேற்று சுண்டைக்காய் அளவுக்கு விட்டுவைத்த இடத்தை, இன்று நெல்லிக்காய் அளவுக்குச் சுற்றிக்கொண்டு போனது. வெறும் பருவாக இருந்தால் இந்நேரம் வலித்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினான்.

வலிக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினான்.