எடுத்துவிட்ட வரி

டாக்டர் கையுறையை ஊதி முடிச்சுப் போட்டார். ஐந்து விரலும் கொண்டையாக எழுந்து நின்றன. சிவப்புப் பேனாவால் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் வரைந்து, ஊசி போட்டுக்கொண்டு விசும்பிய வாண்டின் கையில் கொடுத்ததும் அழுகை நின்றது.

“கோழி டாக்டருக்கு டாட்டா சொல்லு” என்றாள் தாய். வாண்டு கோழியின் கழுத்தை நெரித்தபடி வெளியே போனது.

டாக்டர் சிரித்துக்கொண்டே பிள்ளைக்குக் கையசைத்தார். தூக்கிப் போகும் தாயின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது. கதவு சாத்தியதும் அந்தச் சிரிப்பு அணைந்தது. சுவரோரம் நின்றிருந்த பெண்ணிடம் கைபேசியை நீட்டினார்.

“இந்தப் பதிவை இன்னைக்கே எடுத்துடும்மா.”

அவர் பெயரில் வரும் பிளாக்கை எழுதுகிறவள் அவள். எதிரில் பெரிய ஆஸ்பத்திரி திறந்து, கிளினிக் ஈயடித்துக்கொண்டிருந்த காலத்தில் தானாகத் தேடி வந்தாள். “நான் எழுதறேன், உங்க பேர்ல போடுங்க. உங்க பேர்ல வந்தாத்தான் ஜனங்க நம்புவாங்க” என்றாள்.

பல் முளைப்பது, பேதி, காய்ச்சல் என்று வாரம் ஒன்றாக எழுதினாள். படித்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இப்போது வெளி அறையில் எள் போட்டால் எள் விழாது. டாக்டர்தான் எதையும் படித்ததில்லை. “நல்லா இருக்கு, போட்டுடு” என்பதோடு சரி.

சொன்ன பேச்சைத் தட்டாதவள், ஒரே ஒரு முறைதான் பிடிவாதம் பிடித்தாள். கையுறைக் கோழியின் படத்தைப் பிளாக்கின் உச்சியில் போடலாம் என்று ரிசப்ஷனிஸ்ட் சொன்னபோது. “அதுதானே அக்கா டாக்டரோட அடையாளம்? வேற யாரு இப்படிச் செஞ்சு குடுக்கறாங்க?” என்று அந்தப் பெண் மன்றாடியும் இவள் மசியவில்லை.

இப்போது, “ஏன் டாக்டர் எடுக்கணும்?” என்று கேட்டாள்.

“ஏனா? வயித்து வலின்னு வந்த பையனை ஒரு டாக்டர் ‘வெறும் வாயு’ன்னு சொல்லி அனுப்பிட்டாராம். விடியறதுக்குள்ள குடல்வால் வெடிச்சுப் பையன் போயிட்டானாம். டாக்டர்கள் சங்கத்துலேர்ந்து போன் மேல போன். நம்ம விரலாலயே நம்ம கண்ணைக் குத்திக்கணுமான்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?”

“முழுசாப் படிச்சீங்களா?”

அவர் கைபேசியைத் திரும்ப வாங்கினார். முதல் தடவையாகத் தன் பெயரில் வந்ததைத் தானே படித்தார்.

‘பிள்ளையை ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லிப் பாருங்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வலி திடீரென்று நின்றாலும் நிம்மதி அடையாதீர்கள். உள்ளே வெடித்த பிறகு கொஞ்ச நேரம் வலி தெரியாமல் போகலாம். அந்தப் பையனும் “சரியாப் போச்சும்மா” என்றுதான் சொன்னான். அம்மா போர்வையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்தாள்.’

டாக்டர் கடைசி வரியை மறுபடி படித்தார். வெளியே ஒரு குழந்தை இருமுவது கேட்டது.

“நல்லாத்தான் எழுதியிருக்கே” என்றார். குரல் இறங்கியிருந்தது. “ஆனா இட்டுக்கட்டறதுக்கும் ஒரு அளவு இருக்கும்மா.”

“பதிவுக்குக் கீழ ஒரு அம்மா எழுதியிருக்காங்க, பாருங்க. இதைப் படிச்சுட்டுப் பிள்ளையைக் குதிக்கச் சொல்லியிருக்காங்க. அவனால முடியல. உடனே தூக்கிட்டு ஓடினதுல பொழைச்சுட்டான். எடுக்கச் சொல்லாதீங்க டாக்டர். இது ஒண்ணை மட்டும் விட்டுடுங்க.”

அவள் எதற்காகவும் இப்படிக் கெஞ்சி அவர் பார்த்ததில்லை. அப்படியானால் இது கதையில்லை. அவருக்குப் பொறி தட்டியது. ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

“எதிர்ல இருக்கறவங்களா? பயப்படாமச் சொல்லு. நிஜமா நடந்திருந்தா பதிவு இருக்கட்டும், சங்கத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா அந்த டாக்டர் யாருன்னு எனக்குத் தெரியணும். அவனெல்லாம் ஒரு டாக்டரா!”

“அப்படிச் சொல்லாதீங்க. அவர் நல்லவர்” என்றாள் அவள். “அழுதுக்கிட்டு வந்த பையனைச் சிரிக்க வெச்சுத்தான் அனுப்பினாரு. அதான் பேரை எழுதல. அடையாளம் தெரிஞ்சுடும்னு ஒரு வரியையும் எடுத்துட்டேன்.”

“என்ன வரி?”

அவள் அவரைப் பார்க்கவில்லை. மேஜைமேல் திறந்து கிடந்த கையுறைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடைசி வரைக்கும் என் பையன் அந்தக் கோழியைக் கையை விட்டு விடவே இல்ல, டாக்டர்.”