எண்பது கோடி டன்

"ஒரே அடிதான் மாமா. மலை இருந்த இடத்துல வெறும் புகை" என்றான் மைத்துனன். "அந்தக் கப்பல்ல அப்படி என்ன மருந்து வச்சிருப்பாங்க?"

வெடிக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுரங்கப்பாதையின் கூரை இடிந்து இறங்கி அரை மணி நேரம் ஆகிறது. முன்னாலும் பாறை, பின்னாலும் பாறை. இவன் என்னடாவென்றால் டிவியில் பார்த்த விண்வெளிக் கப்பலைப் பற்றிப் பேசுகிறான்.

மைத்துனன் மலையில் துளை போடும் மெஷினை ஓட்டுபவன். அவன் போட்ட துளைகளில் வெடிமருந்து இறக்கி வெடிக்க வைப்பது இவர் வேலை. இப்போது இருவருக்கும் நடுவில் ஒரு பெரிய கல் விழுந்து கிடந்தது. கை நுழையும் அளவு இடுக்கில், அவன் ஹெல்மெட் விளக்கின் வெளிச்சத்தில், அவன் முகமும், முழங்கால் வரை பாறைக்கடியில் போன அவன் இடது காலும் மட்டும் தெரிந்தன.

இவருக்குக் கை கால் எல்லாம் ஒழுங்காக அசைந்தன. ஹெல்மெட் மட்டும் எங்கோ தெறித்துப் போயிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

'உன் தம்பிக்கு ஒண்ணும் ஆகாம நான் பார்த்துக்கறேன்' என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்துத்தான் அவனை இங்கே வேலைக்குச் சேர்த்தார். கால் நசுங்கிக் கிடப்பவன் கண்ணை மூடினால் அவ்வளவுதான். எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கப்பல் என்றால் கப்பல்.

"மலையை உடைக்கிறதா, ஆவியாக்குறதா? அதை முதல்ல சொல்லு மாப்ளே."

"ஆவியாத்தான். ஒரு கல்லு மிச்சமில்ல."

"அப்போ உன் கப்பல்காரனுக்குக் கணக்குத் தெரியல. ஒரு கனமீட்டர் பாறையை உடைக்க எனக்கு ஒரு கிலோ மருந்து போதும். அதையே உருக்கி, கொதிக்க வச்சு, ஆவியாக்கணும்னா எட்டு டன் மருந்தோட சக்தி வேணும். எட்டாயிரம் மடங்கு."

"மலை ஒரு கிலோமீட்டர் அகலம் மாமா."

"உயரம்?"

"நானூறு மீட்டர் வச்சுக்கங்க."

வெடிக்காரர் விரலால் புழுதியில் கூம்பு வரைந்து பெருக்கினார். "பத்துக் கோடி கனமீட்டர். எட்டால பெருக்கு. எண்பது கோடி டன். அவ்வளவையும் ஒரே நொடியில கக்கினா கப்பலோட பீரங்கியே முதல்ல ஆவியாகிடும்."

"அஞ்சு கோடி டன் போதாதா?"

"போதாதுடா. என்ன இது, காய்கறிக் கடையா? பேரம் பேசுற."

மைத்துனன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே பல்லைக் கடிக்கும் சத்தமாக மாறியது. பயந்துவிட்ட வெடிக்காரர் அவசரமாக அடுத்த கேள்வியைப் போட்டார். "கப்பலுக்கு அந்தச் சக்தி எங்கேருந்து வருது?"

பேச்சு நீண்டது. எங்கிருந்தோ தட்டும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. காற்று கனத்துக்கொண்டே வந்தது. சுவர் நெருங்கி வருவது போல இருந்தது. கையை நீட்டித் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பின்கழுத்தில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. மேலே எங்கோ ஊற்று கசிகிறது போல என்று துடைத்துக்கொண்டார்.

மைத்துனன் மட்டும் தன் ஹெல்மெட் விளக்கை அடிக்கடி இவர் முகத்துக்கு நேராகத் திருப்பினான்.

"கண்ணுல அடிக்காத மாப்ளே. கூசுது."

"சரி மாமா. மொத்தம் எவ்வளவுன்னு சொன்னீங்க?"

மறுபடியும் அதே கேள்வி. இது நாலாவது தடவை. பையனுக்கு நினைவு தப்புகிறது, சொன்னதெல்லாம் மறந்துபோகிறது. 'கடவுளே, அவன் அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்' என்று உள்ளுக்குள் புலம்பினார்.

"எட்டுக் கோடி டன்" என்றார்.

"முதல்ல எண்பதுன்னு சொன்னீங்களே?"

"எண்பதா? ஆமா, எண்பது. வாய் தவறிடுச்சு."

"இல்ல, முதல்லேருந்து போடுங்க. ஒரு கனமீட்டருக்கு எவ்வளவு?"

எரிச்சல் வந்தாலும் பொறுத்துக்கொண்டார். அடிபட்டவனிடம் கோபப்படலாமா? புழுதியில் எண்களைத் தேடினார். அவை கலங்கலாக ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. விளக்கு மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"மாமா, பதில் சொல்லுங்க."

"எட்டு... எட்டு டன்."

"எத்தனை கனமீட்டர்? மாமா, எத்தனை கனமீட்டர்? நீங்க சொன்னது தப்பு, கப்பல்காரன் கணக்குதான் சரி. ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்க மாட்டேன்" என்றார் வெடிக்காரர், நிமிர்ந்து உட்கார்ந்து. "பத்துக் கோடி. எழுதிக்கோ."

அப்படியே இழுத்துப் பிடித்து மூன்று மணி நேரம் போயிற்று. பிறகு பக்கத்துப் பாறையில் கடப்பாறை பாயும் சத்தம். ஒரு துவாரம் விழுந்து, வெள்ளை வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. மஞ்சள் உடுப்பு போட்ட மீட்புக்காரர் தலையை நுழைத்தார்.

"ஒரு நேரத்துல ஒருத்தரைத்தான் எடுக்க முடியும். யாருக்கு அடி அதிகம்?"

"அவனுக்குத்தான்" என்று கை காட்டினார் வெடிக்காரர். "கால் போயிடுச்சு. அதுவும் இல்லாம, புத்தி தடுமாறுது. கேட்டதையே கேக்குறான். கண்ணை மூடவிடாம நான்தான் பேசிப் பேசிப் பிடிச்சு வச்சிருக்கேன். சீக்கிரம் எடுங்க."

மீட்புக்காரர் விளக்கை இடுக்கின் பக்கம் திருப்பினார்.

மைத்துனன் தெளிவான குரலில் சொன்னான்: "என் கால் கிடக்கட்டும் சார், முதல்ல மாமாவை எடுங்க. பின்மண்டை பிளந்திருக்கு, அவர் திரும்பினப்ப பார்த்தேன். அவருக்கே தெரியாது. தூங்கிடக்கூடாதுன்னுதான் இத்தனை நேரமா கணக்குக் கேட்டுட்டு இருக்கேன்."