கேள்விக்கு ஒரு கோடு

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படிக் கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளன். என் பாடம் 'விமர்சனச் சிந்தனையும் படைப்புச் சிந்தனையும்'. சுயமாக யோசிக்கச் சொல்லும் அந்தப் பாடத்தை வருடா வருடம் ஒரே குறிப்பைப் பார்த்துத்தான் நடத்துகிறேன். அது வேறு விஷயம்.

இன்று இந்தப் பள்ளியில் என் மாணவி ஒருத்திக்குக் கற்பித்தல் தேர்வு. அவள் வகுப்பெடுப்பாள். நான் கடைசி பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து மார்க் போட வேண்டும்.

மார்க் தாளில் 'பிள்ளைகள் கேட்ட கேள்விகள்' என்று ஒரு கட்டம் உண்டு. என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒரு கேள்விக்கு ஒரு கோடு. சிந்தனையை அளக்க வேறு வழி எனக்குத் தோன்றியதில்லை. யோசித்துப் பார்த்ததும் இல்லை.

நீர் ஆவியாவது பற்றி அவள் ஆரம்பித்ததுமே முதல் கை உயர்ந்தது.

"டீச்சர், கடல் தண்ணிதான் மழையா வருதுன்னா, மழை ஏன் உப்புக் கரிக்கல?"

கோடு போட்டேன்.

"டீச்சர், ராத்திரிதான் வெயிலே இல்லையே, துணி எப்படிக் காயுது?"

இன்னொரு கோடு.

"டீச்சர், வேர்வையும் ஆவியாகுமா? அப்ப யாரோட வேர்வையோதான் நம்ம தலையில மழையா விழுதா?"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். "எனக்கு இது தோணினதே இல்லடா. வா, சேர்ந்து யோசிப்போம்" என்று சாக்பீஸை அவனிடமே கொடுத்துவிட்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாருடைய தயாரிப்பு! மனசுக்குள் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் கவனித்தேன். முதல் பெஞ்ச் கேட்டு முடித்ததும் இரண்டாவது பெஞ்ச். அது உட்கார்ந்ததும் மூன்றாவது. பஸ்ஸுக்கு நிற்கிற பெரியவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காக வரிசையில் வரமாட்டார்கள்.

ஜன்னலோரப் பையன் எழுந்தான். "டீச்சர், ராத்திரி துணி எப்படி..."

முன்னால் இருந்த ரெட்டைச் சடைக்காரி திரும்பிச் சீறினாள். "அதை அவன் கேட்டாச்சு! உன்னோடது குளம்!"

பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "டீச்சர், குளம் ஏன் வத்துது?"

என் பேனா நின்றது. பெருமையெல்லாம் குளத்துக்கு முன்னாலேயே வற்றிவிட்டது.

மணி அடித்ததும் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, எத்தனை நாளா ஒத்திகை?"

"ஒத்திகையா? என்ன சார் சொல்றீங்க?"

"யாருக்குக் காது குத்தறே? சுயமா கேள்வி கேக்க வைன்னு சொன்னா, கேள்வியை மனப்பாடம் பண்ண வெச்சிருக்கியே!"

"சத்தியமா இல்ல சார். இந்த வகுப்புக்குள்ள இன்னிக்குத்தான் கால் வெக்கிறேன்." அவள் கண் கலங்கியது. "ஃபெயில் போட்டுடாதீங்க சார். கைக்குழந்தையை மாமியார்கிட்ட விட்டுட்டுப் படிக்க வர்றேன். இன்னொரு வருஷம்னா அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

இந்தக் கண்ணீருக்கெல்லாம் நான் மசிகிற ஆளா? நேர்மை விஷயத்தில் நான் நெருப்பு. அதாவது, மற்றவர்களுடைய நேர்மை விஷயத்தில். போட்ட கோடுகளை மொத்தமாக அடித்தேன். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் ரெட்டைச் சடைக்காரி வந்து நின்றாள். அவள் பின்னால் பாதி வகுப்பு நின்றது.

"பெரிய சார், டீச்சரைத் திட்டாதீங்க. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

"பின்னே யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல சார். நாங்களே குழாயடியில உட்கார்ந்து யோசிச்சோம். புத்தகத்துல அடுத்த பாடம் இதுதானே? இவனுக்கு மட்டும் ஒண்ணும் வரல. அதான் குளத்தைக் கொடுத்தோம்."

ஜன்னலோரப் பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எதுக்கு இவ்வளவு பாடு?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நேத்து ஒரு புது சார் வந்தார்ல? அவர் நல்லாத்தான் நடத்தினார். எல்லாமே புரிஞ்சிடுச்சு, அதான் நாங்க எதுவும் கேக்கல. நீங்க அவரை இங்கேயே நிக்க வெச்சு, 'ஒரு கேள்விகூட வரல, நீயெல்லாம் எதுக்கு வாத்தியாராகணும்'னு கேட்டீங்க. அவர் சைக்கிள் நிறுத்துற இடத்துல போய் அழுதுட்டிருந்தார் சார். எங்களாலதானேன்னு எங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

சிக்கலைக் கவனி, காரணத்தைத் தேடு, கூடிப் பேசு, புது வழி கண்டுபிடி. இத்தனை வருடமாக நான் கரும்பலகையில் எழுதிப் போட்டு வந்ததை, ஒன்று விடாமல் இந்த வாண்டுகள் செய்திருந்தார்கள். அதுவும் என்னிடமிருந்து ஒரு ஆசிரியரைக் காப்பாற்றுவதற்காக.

எனக்கு வெட்கமாக இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"உங்க டீச்சர் பாஸ்" என்றேன். "நேத்து வந்த சாரும் பாஸ்தான்."

மாணவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு ஓடினார்கள். ரெட்டைச் சடைக்காரி மட்டும் நகரவில்லை. என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"சார், நாளைக்கு வர்றவங்களுக்கு எத்தனை கேள்வி வேணும்? இப்பவே சொல்லிட்டீங்கன்னா, நாங்க யோசிச்சு வெச்சுடுவோம்."